உண்ணிக்குச்சி நாற்காலி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நீலகிரிப் பக்கம் ஒரு கைவினைக் கடையில் வாங்கிய உண்ணிச்செடி நாற்காலியை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புதராக மண்டி, மானும் காட்டுமாடும் மேயும் புல்லைத் தலையெடுக்கவிடாமல் செய்கிறது. இதன் இலை கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் இதே குச்சியில் செய்த யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

தடித்த குச்சிகளை வேகவைத்து, பட்டை உரித்து, சூடு ஆறுமுன் வளைத்து ஆணியடித்திருக்கிறார்கள். பார்வைக்குப் பிரம்பு போலவே இருக்கிறது. உறுதியிலும் குறையில்லை, கறையானும் இதுவரை தொடவில்லை. ஆனால் கைப்பிடியின் அடியில் துருத்தி நின்ற இரண்டு ஆணிகள் வேட்டியைக் கிழித்தன. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். முடிச்சுகள் நிறைந்த இருக்கையில் மெத்தையின்றி நெடுநேரம் உட்காரவும் இயலாது.

வேலைப்பாட்டுக்காகத் தாராளமாக வாங்கலாம். நாற்காலி வாங்கினால் காடு மீளும் என்று கடையில் சொல்வதுதான் மிகை: வேரோடு பிடுங்காதவரை வெட்டிய இடத்திலேயே தளிர்க்கும் இச்செடியின் விதைகளைப் பழந்தின்னிப் பறவைகள் வேறு பரப்புகின்றன.