மிச்சக் கறிக்கு கேஸ் டோஸ்டர்: பல வருஷப் புழக்கத்தில் தெரிந்தவை

வீட்டில் எலெக்ட்ரிக் சாண்ட்விச் மேக்கர் ஒன்று உண்டு. அது பரணுக்குப் போய் ரொம்ப நாளாகிறது. அடுப்பில் நேராகக் காட்டிச் சுடுகிற, நீளக் கைப்பிடி வைத்த அலுமினிய டோஸ்டர்தான் ஞாயிறு ராத்திரியானால் அடுப்பேறும். மத்தியானம் மீந்த மட்டன்தான் காரணம்.

கறி சாண்ட்விச்சுக்கு எதிரி குழம்பு. எலும்போடு வெந்த மட்டன் குழம்பு ஃபிரிட்ஜில் அல்வா பதத்தில் உறைந்து நிற்கும். எலும்பிலும் சவ்விலும் இருந்து இறங்கிய ஜெலட்டின் அது. கெட்டியாக இருக்கிறதே என்று அப்படியே பிரெட்டில் வைத்தால், சூடு பட்டதும் உருகி எல்லாவற்றையும் சொதசொதவென்று ஆக்கிவிடும். அதனால் எலும்பை எடுத்துவிட்டு, கறியை விரலால் நார் நாராகப் பிய்த்து, இரும்புச் சட்டியில் குழம்போடு சுண்ட வதக்க வேண்டும். எண்ணெய் பிரிந்து, கரண்டியில் எடுத்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. இறக்கும்போது பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், மிளகுத்தூள், மல்லித்தழை. சுக்கா மீந்திருந்தால் சுண்ட வைக்கும் வேலை மிச்சம். ஆனாலும் நன்றாகச் சூடு பண்ணித்தான் வைக்க வேண்டும். டோஸ்டர் பிரெட்டைத்தான் முறுகவைக்கும், நடுவில் இருக்கும் கறி 74 டிகிரி வரை சூடேற அந்த நாலு நிமிஷம் போதாது.

சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போன கறி 3, 4 நாள் தாங்கும். கோழியை மறுநாளே தீர்த்துவிடுவேன், அதில் ஒரு பழைய வாடை சீக்கிரம் ஏறிவிடும். பூண்டு தட்டிப் போட்டால் கொஞ்சம் அடங்கும்.

பிரெட் பெரிய ஸ்லைஸ் சாண்ட்விச் பிரெட்டாக இருக்கட்டும். இனிப்பு பிரெட் உள்ளே சூடேறும் முன்பே கருகிவிடும். வெண்ணெயை வெளிப்பக்கம் தடவி, தீயைக் குறைத்து, பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். சீஸ் பிள்ளைகளுக்காக, என்னைக் கேட்டால் மட்டன் மசாலாவுக்கு அது தேவையே இல்லை.

இந்த டோஸ்டரின் கெட்டிக்காரத்தனம் ஓரத்தை அழுத்தி ஒட்டிவிடுவதில் இருக்கிறது. மசாலா பிதுங்காது, ஆவி உள்ளேயே நிற்கும். ஆஸ்திரேலியாவில் இதை ஜாஃபிள் என்பார்கள், அங்கேயும் முந்தின நாள் மிஞ்சிய கொத்துக்கறிதான் உள்ளே போகும். 1974-இல் பிரெவில் கம்பெனி இதே வித்தையை மின்சாரத்தில் கொண்டுவந்தது. என் பரண் மெஷின் வெறும் கிரில் வகை, ஓரம் ஒட்டாது. கறியைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் மூடியும் மூடாது.

குறைகளும் உண்டு. இண்டக்‌ஷன் அடுப்பில் இது வேலைக்கு ஆகாது. முதலில் வாங்கிய நான்-ஸ்டிக் டோஸ்டரில் பூச்சு உரிய ஆரம்பித்ததும் தூக்கிப் போட்டேன். இப்போது இருப்பது வெறும் அலுமினியம், வெண்ணெய் தடவாவிட்டால் பிடித்துக்கொள்ளும். கைப்பிடித் திருகு அவ்வப்போது தளரும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுட முடியும். நாலு பேர் வீட்டில் கடைசி ஆளுக்குத் தட்டு வரும்போது முதல் ஆள் கை கழுவியிருப்பார். மட்டன் கொழுப்பு ஆறினால் அண்ணத்தில் ஒட்டும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்துச் சுட்டு அடுக்கியும் வைக்க முடியாது.

வாங்கப் போனால் கடையிலேயே மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் ஓரம் சேர வேண்டும். கொக்கி லொடலொடவென்று இருந்தால் வேறு எடுத்துக்காட்டச் சொல்லுங்கள்.