மரு வாசத்துக்காகப் போன சந்தை: கிராக்கோவின் ஸ்தாரி க்ளெபாஷ்

ஈஸ்டர் நெருங்கினால் போலந்தின் கிராக்கோ நகரில் எந்தக் கடைக்குப் போனாலும் வெள்ளை கியெவ்பாசா குவிந்து கிடக்கும். புகை போடாத பச்சைப் பன்றி சாசேஜ் அது. பக்கத்து வீட்டு அம்மா கையால் செய்ததைப் போன வருடம் ருசித்த பிறகு எனக்குக் கடைச் சரக்கு இறங்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

முதல் தடவை சொதப்பல். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ரெடிமேட் மசாலா பாக்கெட்டைப் பிரித்ததும் பழைய பூண்டுப்பொடி வாடைதான் வந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்: உப்பும் குளுட்டமேட்டும் முன்னால் நின்று, வாசம் தரும் மரு இலை கடைசி வரிசையில் இருந்தால் வாங்காமல் வந்துவிடலாம்.

அடுத்த தடவை நேராக ஸ்தாரி க்ளெபாஷ் சந்தைக்குப் போனேன். பார்பிகன் கோட்டையிலிருந்து பொடிநடைதான். க்ளெபாஷ் 1366-இல் தனி ஊராகவே உருவானது. பிற்பாடுதான் கிராக்கோவோடு சேர்ந்தது. மூலிகைக் கடையில் ‘மையெரானெக்’ கேட்டேன். பொடியும் இருந்தது, உலர்ந்த இலையும் இருந்தது. இலையைக் கொஞ்சம் உள்ளங்கையில் கசக்கி மோந்தால், திண்டுக்கல்லில் அப்பத்தா மல்லிகைக்கு நடுவே வைத்துக் கட்டும் மரு! அதே செடிதான். நாம் தலையில் சூடுவதை இவர்கள் கறியில் போடுகிறார்கள். பொடியைத் தொடாமல் இலையை மட்டும் வாங்கினேன். மிளகையும் முழுதாக வாங்கி வீட்டில் இடித்துக்கொண்டேன்.

கறிக்கடை அம்மாவுக்குத்தான் முழு மார்க். முன்னங்கால் சப்பையும் தாடைக் கொழுப்பும் கேட்டதுமே என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கொழுப்பில்லாத கறியைப் பெரிய துளைத் தகட்டிலும், நரம்புக் கறியைச் சின்னத் துளையிலும் கைமா போட்டார். பின்னதைத் தண்ணீர் விட்டுப் பிசுபிசுப்பாகும் வரை பிசைய வேண்டுமாம். துண்டுகளைப் பிடித்து நிறுத்துவது அதுதான். கேட்காமலே அளவும் சொன்னார்: கிலோவுக்கு 18 கிராம் உப்பு, 2 கிராம் மிளகு, மூன்று பல் பச்சைப் பூண்டு, மரு ஒரு தேக்கரண்டி. என் அரைகுறைப் போலிஷைப் பார்த்து உப்பின் எண்ணைத் தாளில் எழுதியும் கொடுத்தார்.

இணையத்தில் ஆங்கிலச் செய்முறை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. போலிஷில் கியெவ்பாசா என்றால் எந்த சாசேஜும்தான். அமெரிக்கச் செய்முறைகளிலோ பெரும்பாலும் புகை போட்ட ஒரே வகை. அதற்கு அவர்கள் சொல்லும் பதப்படுத்தும் உப்பில் நைட்ரைட் 6.25 சதவீதம். இங்கே விற்கும் ‘பெக்லோசூல்’ உப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த ஊர் அளவில் அந்த ஊர் உப்பைப் போட்டால் ஆபத்து. வெள்ளை கியெவ்பாசாவுக்கு இரண்டுமே வேண்டாம், சாதா உப்பு போதும்.

கறியை அடைக்கும் குடல் உப்பில் போட்டு, பத்து மீட்டர் கட்டாக வந்தது. எனக்குத் தேவை அதில் பாதிதான். அவசரத்தில் சரியாக ஊறவைக்காமல் அடைக்கும் குழாயில் மாட்டினேன், இரண்டு இடத்தில் கிழிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, உள்ளேயும் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவியபின் வழுக்கிக்கொண்டு ஏறியது. வேகவைக்கும்போது தண்ணீர் கொதிக்கவே கூடாது, 80 டிகிரி போதும். ஒரு சரத்தைக் கொதிக்கவிட்டு வெடிக்கவைத்தேன். அதையும் முட்டையோடு தின்றாகிவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை சர்ச்சில் மந்திரிக்க எடுத்துப்போகும் கூடையில் முட்டை, ரொட்டி, உப்போடு என் சாசேஜிலும் ஒரு துண்டை வைத்தார் பக்கத்து வீட்டு அம்மா. மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டு, “பூண்டு சரி, மரு இன்னும் வேணும்” என்றார்.

மிச்சக் குடல் உப்புக்குள் ஃபிரிட்ஜில் இருக்கிறது. மருவுக்காக இந்தச் சனிக்கிழமை மறுபடியும் க்ளெபாஷ்.