முதலையைத் தள்ளி நின்று பார்க்க ஒரு பைனாகுலர்

போன தை மாதம் மதுரை மேலமாசி வீதியில் ஒரு கடையில் 8×42 பைனாகுலர் வாங்கினேன். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 42 என்பது முன்வில்லையின் அகலம், மில்லிமீட்டரில். விலை 7,200 ரூபாய். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது 10×50. அதில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் எல்லாம் என் கை நடுக்கத்தில் ஆடின. 8 மடங்குக்கு மாறியதும் ஆட்டம் அடங்கியது. ஒரு துவாரபாலகரின் விரல்களை எண்ணிவிட்டேன். வாங்குகிறவர்கள் கடைக்குள் சுவரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு வந்து தூரத்தைப் பாருங்கள்.

சாமநத்தம் கண்மாயில் பறவைகளுக்கு அது நன்றாகவே உதவியது. ஆனால் இதன் அருமை புரிந்தது சித்திரை விடுமுறையில், அமராவதி அணையில்தான். அக்கா மகனை அழைத்துக்கொண்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, இரவு உடுமலையில் தங்கி, காலையில் அணைக்குப் போனோம். பாம்பாறும் சின்னாறும் தேனாறும் வந்து சேரும் நீர்த்தேக்கம் அது. அங்கே சதுப்புநில முதலைகள் இயற்கையாக வாழ்ந்து பெருகுகின்றன. பக்கத்திலேயே 1970-களில் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே வெறுங்கண்ணே போதும். நான் பார்க்க விரும்பியது, தன் இடத்தில் தன் போக்கில் கிடக்கும் முதலையை.

எதிர்க்கரைச் சேற்றில் கட்டை போல ஒன்று கிடந்தது. பையன் கண்ணில் வைத்துக் குவியத்தைத் திருப்பினான். "மாமா, கட்டை கண் சிமிட்டுகிறது!" என்றான்.

நூறு மீட்டர் தூரம், பன்னிரண்டரை மீட்டராகச் சுருங்கியிருந்தது. கண்ணின் முன்மூலையிலிருந்து ஒரு மெல்லிய சவ்வு வந்து விழியை மூடி விலகியது. அதுதான் முதலையின் மூன்றாவது இமை. வெயில் ஏறியதும் அது வாயைப் பிளந்தபடியே அசையாமல் கிடந்தது. பலர் அதைக் கோபம் என்கிறார்கள். முதலைக்கு வியர்வை கிடையாது. வாயின் ஈரம் காய்வதில்தான் தலையின் சூடு தணிகிறது. சற்றுத் தள்ளிக் கரையில் நிழலோடு நிழலாக ஒரு வளை. கடும் வெயிலுக்கும் நீர் வற்றும் காலத்துக்கும் இவை மண்ணைக் குடைந்து அப்படித்தான் பதுங்குகின்றன. அந்த இருட்டைக்கூட இந்த 42 மில்லிமீட்டர் வில்லை பிரித்துக் காட்டியது.

அப்போது கீழே இருந்த சிலர், படத்துக்காக முதலை தலையைத் தூக்க வேண்டும் என்று கல்லெறிந்தார்கள். அது நீருக்குள் இறங்கிவிட்டது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. முட்டையிட்டு அடைகாக்கும் காலம் அது. மணலில் குழி பறித்து, 25 முதல் 30 முட்டை வரை இட்டு, தாய் அருகிலேயே காவல் கிடக்கும். அந்தக் குழியின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் குழியைத் தோண்டி, அதே பல் வாயில் அவற்றை அள்ளிக்கொண்டு போய் நீரில் விடும். அப்படிப்பட்ட உயிரைக் கல்லால் எழுப்ப வேண்டுமா? 7,200 ரூபாயில் எனக்குக் கிடைத்தது, அதற்குத் தெரியாமலே அதைப் பார்க்கும் தூரம்.

குறைகளும் உண்டு. மூன்று மீட்டருக்குள் வந்து உட்காரும் தும்பி மங்கலாகத்தான் தெரிகிறது. உடன் வந்த கழுத்து வார் அரை மணி நேரத்தில் தோலை அறுக்கிறது. திருப்பரங்குன்றத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் 150 ரூபாய் கொடுத்து அகலமான தோல் வார் போட்டுக்கொண்டேன். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண் பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்த்தால் முழு வட்டமும் தெரியும்.

வைகாசியில் குஞ்சுகள் நீருக்கு வரும் நேரம் மறுபடியும் போகிறோம். பையன் இப்போதே வில்லையைத் துடைத்து வைத்துவிட்டான்.