வெயிலில் வண்டியைப் பார்க்காமல் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பாதீர்கள்

மிட்-சைஸ் எஸ்யூவி வாங்கலாம் என்று ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அடிபட்டு, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்த வண்டியைப் புது வண்டி விலைக்கு என் தலையில் கட்டினார்கள். அது தெரியவே எனக்கு நாலு மாதம் ஆனது.

2024 தீபாவளி சமயத்தில் 25,000 ரூபாய் கட்டி புக் செய்தேன். இருப்பது திருப்பூர், புக் செய்தது கோயம்புத்தூரில். வெள்ளை நிறம், 1.5 லிட்டர் பெட்ரோல், எக்ஸ் ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராமல்) 14.60 லட்சம். மார்கழியில் வண்டி எடுக்க வேண்டாம், தை பிறக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். தை மூன்றாம் நாள் ஷோரூமிலிருந்து போன். "சார், வண்டி யார்டுக்கு வந்துருச்சுங்க. இன்னைக்கே ஃபுல் பேமெண்ட் போட்டீங்கன்னா ஆர்டிஓ வேலையை முடிச்சு வெள்ளிக்கிழமை டெலிவரி கொடுத்துடலாம்." யார்டு என்பது டெலிவரிக்கு முன் வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம். அங்கே வந்து ஒருதடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன். "அங்கெல்லாம் கஸ்டமரை விடமாட்டாங்க சார், ஒரே தூசியா இருக்கும். வாஷ் பண்ணி, பாலிஷ் போட்டு நாங்களே காட்டறோம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். நான் செய்த தப்பு அந்த இடத்தில்தான். வங்கி லோன் பணம் நேராக ஷோரூம் கணக்குக்குப் போனது. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 18 சதவீதம். அதுவே இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அதையும் கட்டியாயிற்று.

டெலிவரிக்கு வரச் சொன்னது சாயங்காலம் ஆறரை மணிக்கு. வண்டி மேல் சிவப்புத் துணி, மாலை, கேக், நாலு பக்கமும் லைட். அம்மா ஆரத்தி எடுத்தார், பையன் துணியை இழுத்தான், எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் வெள்ளை வண்டி பளபளவென்று நின்றது. இடையில் ஒருவர் ஃபைலை நீட்டி இங்கே, இங்கே என்று விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். 'வண்டியை முழுமையாகச் சோதித்து, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற காகிதமும் அதற்குள் இருந்திருக்கிறது.

வண்டி மேல் எனக்குக் குறை இல்லை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஐந்து பேரோடு அலுக்காமல் ஏறியது. அப்பாவுக்கு முழங்கால் வலி. குனியாமல் ஏறி உட்கார முடிகிறது என்பதே எங்கள் வீட்டில் பெரிய விஷயம். டவுனுக்குள் பத்து, பதினொன்று, ஹைவேயில் பதினாறு என்று மைலேஜ் கிடைக்கிறது. இந்த அளவு வண்டிக்கு அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மே மாதம் பார்க்கிங்கில் யாரோ பின் பம்பரை உரசிவிட்டுப் போனார்கள். ஊத்துக்குளி ரோட்டில் எனக்குத் தெரிந்த டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரத் தம்பி பம்பரைப் பார்த்துவிட்டு அப்படியே இடது பக்கம் நடந்தார், பின் கதவருகே நின்றார். "அண்ணா, இந்தக் கதவு ஏற்கெனவே வேலை பார்த்ததுங்களா?" புது வண்டிப்பா என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்து ஓரத்து ரப்பர் பட்டையை (பீடிங்) விரலால் மடக்கிக் காட்டினார். உள்ளே, டேப் ஒட்டி பெயிண்ட் அடித்தால் வரும் மெல்லிய மேடு, நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. கதவுக் கீல் போல்ட்டில் ஸ்பேனர் பிடித்த முனைகளில் மட்டும் பெயிண்ட் உரிந்திருந்தது. மற்ற மூன்று கதவுகளிலும் போல்ட் மேல் பெயிண்ட் மூடியபடியே இருந்தது. பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்து வைத்தார். கூரை, பானெட், முன் கதவுகள் எல்லாம் 110 முதல் 130 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). இடது பின் கதவு 340. அதற்குப் பின்னால், சக்கரத்துக்கு மேலிருக்கும் பகுதி 480. "உள்ள பட்டி பார்த்திருக்காங்கண்ணா. லாரியில ஏத்தறப்பவோ யார்டுலயோ அடி வாங்கியிருக்கும்" என்றார். பட்டி என்பது நசுங்கிய இடத்தை நிரப்பிச் சமன் செய்யப் பூசும் பசை. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள்தான் இருக்கும். மதிய வெயிலில் தள்ளி நின்று பார்த்தேன். அந்தக் கதவு மட்டும் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. நாலு மாதம் தினமும் துடைத்த வண்டி, என் கண்ணுக்குப் படவில்லை. அன்றைக்கு வீட்டில் சாப்பிடவே பிடிக்கவில்லை.

ஷோரூம் மேனேஜரிடம் போட்டோக்களைக் காட்டினேன். அவர் முதலில் சொன்னது, "டெலிவரி அன்னைக்கு செக் பண்ணித்தானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." அடுத்து, நாலு மாதத்தில் நீங்களே எங்காவது இடித்து வேலை பார்த்திருக்கலாமே என்றார். என் பெயரில் இன்சூரன்ஸ் கிளெய்ம் ஒன்றுகூட இல்லை என்று காட்டியதும், ஒரு சர்வீஸும் டெஃப்லான் கோட்டிங்கும் இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். தங்கள் மேல் தப்பில்லை என்றால் எதற்கு இலவசம்?

பதிவாவதற்கு முன்னால் எவ்வளவு சின்னக் குறை இருந்தாலும் வேறு சேஸிஸ் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள எண்) வண்டி கொடுங்கள் என்று உரிமையோடு கேட்கலாம். ஆர்சி, அதாவது பதிவுச் சான்றிதழ், உங்கள் பெயரில் ஏறிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க எந்த ஷோரூமும் லேசில் சம்மதிக்காது. எடுத்தால் அவர்கள் கையில் அது செகண்ட் ஹேண்ட் வண்டி, கட்டிய சாலை வரியும் போச்சு. நம்பர் பிளேட் போட்ட பிறகுதான் டெலிவரி என்பதால், டெலிவரி நாளில் பார்ப்பது காலம் கடந்து பார்ப்பதுதான். பார்க்க வேண்டிய இடம் யார்டு, பார்க்க வேண்டிய நேரம் பகல். வாஷ் செய்யாத வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது, பாலிஷ் நிறைய விஷயத்தை மறைத்துவிடும்.

என் வண்டி எப்போது தயாரானது என்பதையும் நான் கேட்கவில்லை. பிறகு ஆர்சியில் பார்த்தால் 2024 ஜூன். ஷோரூம் தரும் விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். டயர் தயாரான வாரத்தைச் சொல்லும் நான்கு இலக்க எண்ணும் டயர் பக்கவாட்டில் உண்டு, என்னுடையதில் 1924, அதாவது 2024-ஆம் வருடம் 19-ஆவது வாரம். தயாராகி ஏழு மாதம் ஆன, போன வருடத்து வண்டிக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லாமல் கொடுத்திருக்கிறேன்.

இன்சூரன்ஸிலும் கோட்டை விட்டேன். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. அவர்கள் வாங்கியது 68,000. அதே கவரேஜுக்கு வெளியில் விசாரித்தபோது 49,000 சொன்னார்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், வண்டிக் கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டேன். டீலரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் வந்தது. வக்கீல் நோட்டீஸுக்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 10 முதல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். மீட்டர் அளவுகளைத் தேதியோடு வீடியோ எடுத்து, பட்டறைக்காரத் தம்பியிடம் எழுத்தில் வாங்கியும் கொடுத்திருக்கிறேன். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் மச்சான் இதே அளவு வண்டி ஒன்று புக் செய்தார், வேறு ஷோரூம். அங்கேயும் யார்டுக்குள் விடமாட்டோம் என்றார்கள். அப்படியானால் பாக்கிப் பணம் வராது, புக்கிங்கை ரத்து செய்யுங்கள் என்று மச்சான் ஒரே வார்த்தையில் சொன்னார். மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கூட்டிப்போனார்கள். பட்டறைத் தம்பியும் மீட்டரோடு வந்தார். முதலில் காட்டிய வண்டியில் வலது முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு) 290. ஒன்றும் பேசாமல் அடுத்த வண்டியைக் காட்டினார்கள். அதில் கூரை முதல் டிக்கி வரை எல்லாம் 130-க்குள். சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து, இந்த வண்டிதான் வேண்டும் என்று யார்டில் நின்றபடியே மெயில் போட்டார். 'கன்ஃபர்ம்' என்று பதில் வந்த பிறகுதான் வங்கிக்குப் போன் செய்தார்.