ஹீட் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் சூடாகவில்லை: எலிமென்ட்டா, கேஸ் டாப்-அப்பா, முழு ரிப்பேரா?

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, ஐந்து நிமிடம் குழாயைத் திறந்து வைத்தும் வந்ததெல்லாம் பச்சைத் தண்ணீர்தான். மாடிக்குப் போய்ப் பார்த்தால், வெந்நீருக்காக வைத்திருக்கும் ஹீட் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, பேனலில் எர்ரர் எதுவும் இல்லை. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் இருப்பது 200 லிட்டர் டேங்க். பக்கத்து வீட்டு அண்ணன் "எலிமென்ட்டைப் போட்டு ஓட்டுங்க" என்றார், அதாவது டேங்குக்குள் பேக்-அப்பாக இருக்கும் கரன்ட் ஹீட்டரை. வந்த மெக்கானிக் "கேஸ் கம்மி, டாப்-அப் பண்ணிடலாம்" என்றார். கேஸ் என்றால் ஏசியில் இருப்பது போல, வெப்பத்தைச் சுமந்து குழாய்க்குள் சுற்றும் வாயு. தம்பியோ "கழட்டிப் போட்டுட்டு கீசர் மாட்டுண்ணா" என்றான். மூன்றையும் எடை போட்டுப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

எந்த வழிக்குப் போவதற்கும் முன்னால், கோளாறு மெஷினில்தானா என்று பாருங்கள். டேங்குக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு மிக்ஸர் குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் புகுகிறது. அப்படியானால் கூப்பிட வேண்டியது பிளம்பரை.

அது சரியாக இருந்தால், ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. ஆகவே உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று தெளிவாகக் குளிர்ந்திருக்க வேண்டும். எங்கள் மெஷினில் நன்றாக ஓடும்போது 6, 7 டிகிரி வித்தியாசம் இருக்கும். அன்றைக்கு ஒரு டிகிரிகூட இல்லை. ஃபேன் மட்டும் சுற்றி, கம்ப்ரஸரின் உறுமலே கேட்கவில்லை என்றால் கதை வேறு: லோ வோல்டேஜ், கெப்பாசிட்டர், சென்சார் என்று தேட வேண்டும். எங்கள் கம்ப்ரஸர் ஓடியது, காற்று குளிரவில்லை. காற்று நுழையும் மெல்லிய தகடுகளான ஃபின்னில் தூசி அடைத்தாலும் தண்ணீர் சூடாவது மந்தமாகும் என்பதால் அதையும் பார்த்தேன், சுத்தமாகவே இருந்தது. அப்போது சந்தேகம் கேஸ் மேல்தான் விழுகிறது.

எலிமென்ட் அவசரத்துக்குக் கை கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7 யூனிட் வெப்பம் தேவை. எலிமென்ட் அந்த 7 யூனிட்டையும் மின்சாரத்திலிருந்தே எடுக்கும். அதே வேலையை ஒழுங்காக இருக்கும் ஹீட் பம்ப் இரண்டு, இரண்டரை யூனிட்டில் முடித்துவிடும். எங்கள் வீட்டில் தினமும் பாதி டேங்க் செலவானாலும் இரண்டு மாத பில்லில் சுமார் 140 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் நம்ம ஊர் ஸ்லாப்பில் முந்தைய யூனிட்களுக்கும் விலை ஏறிவிடும், அந்த அடி தனி. ஆகவே ஒரு வாரம் ஓட்டலாம், ஒரு சீசன் முழுக்க ஓட்டக்கூடாது. எலிமென்ட்டைப் போட்டவுடன் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரிப் ஆனால் மறுபடி மறுபடி தூக்கிவிடாதீர்கள். எலிமென்ட்டில் மின்கசிவு இருக்கலாம், போர் தண்ணீர் வீடுகளில் உப்புப் படிந்து இது சகஜம்.

அடுத்தது கேஸ் டாப்-அப். என் மனசுக்கு ஒட்டாத வழி இதுதான். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் ஏற்றும் கேஸும் அதே வழியாகத்தான் போகும். அதோடு ஹீட் பம்ப்பின் தகட்டில் எத்தனை கிராம் கேஸ் என்று எழுதியே இருக்கும். கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் கூடிப்போகவும் வாய்ப்பு உண்டு. கூடினால் தண்ணீர் சூடாகும் நேரத்தில் பிரஷர் ஏறி மெஷின் டிரிப் ஆகும்.

அதனால் மெக்கானிக்கிடம் "ஓட்டையைத் தேடுங்க, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை" என்றேன். அவர் முதலில் தயங்கினார், அப்புறம் கவரைக் கழற்றினார். ஃபேனுக்குப் பின்னால் செம்புக் குழாய் ஒன்று இரும்புக் கிளாம்ப்பில் உரசிக்கொண்டிருந்த இடத்தில், விரல்நகம் அகலத்துக்குக் கறுத்த எண்ணெய்க் கறை, அதன்மேல் தூசி ஒட்டியிருந்தது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கசிந்த அடையாளம் அது. நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினார். கடுகு அளவுக் குமிழி ஒன்று மெதுவாக ஊதிக்கொண்டே வந்தது. பிரேசிங் செய்து (உலோகக் கம்பியை உருக்கி ஓட்டையை அடைத்து), கிளாம்ப்புக்கு உள்ளே ரப்பர் வைத்து, மறுபடி நைட்ரஜனில் சோதித்து, குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி வாக்யூம் போட்டு, தராசில் எடை பார்த்து கேஸ் ஏற்ற அரை நாள் ஆனது. டாப்-அப்புக்குச் சொன்ன தொகையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவு. அன்று சாயங்காலம் வெளியே வரும் காற்றில் தெர்மாமீட்டரை வைத்தேன், 7 டிகிரி இறங்கியது.

தம்பி சொன்ன கீசருக்கு வாங்கும் செலவு குறைவு, ஆனால் கரன்ட் கணக்கு எலிமென்ட்டுக்குச் சொன்னதேதான். மாடியில் நிழல் விழாத இடம் இருந்தால் சோலார் நல்ல மாற்று, மழைக்காலத்துக்கு மட்டும் பேக்-அப் வேண்டும். கம்ப்ரஸரே போய்விட்டாலோ டேங்க் உள்ளே துருப்பிடித்து ஒழுகினாலோ நான் இந்த ரிப்பேருக்குப் போயிருக்க மாட்டேன், சோலாருக்கு மாறியிருப்பேன். குழாயில் ஒரு ஓட்டைக்காக மெஷினையே கழற்றிப் போட எனக்கு மனசு வரவில்லை.