கீகேடா, லிப்ரே பிசிபியா? எஸ்.பி. ரோட்டில் பாகம் வாங்குகிறவரின் அலசல்

சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளான ஈகிளின் இலவசப் பதிப்பில் இரண்டு லேயர் (செம்பு அடுக்கு), 80 சதுர செ.மீ. என்ற வரம்புக்குள்தான் வேலை செய்ய முடிந்தது. அதற்கும் 2026 ஜூனோடு ஆதரவு நிற்கும் என்று ஆட்டோடெஸ்க் அறிவித்துவிட்டது. பொழுதுபோக்காகச் சர்க்யூட் போர்டு போடுகிறவர்கள் கட்டற்ற மென்பொருளுக்கு வந்துவிடுவதுதான் நல்லது, ஏனென்றால் இன்று வரைந்த போர்டைப் பல வருடம் கழித்துத் திறந்து திருத்த வேண்டியிருக்கும், அப்போது எந்தக் கம்பெனியின் தயவும் தேவைப்படக் கூடாது. சரி, போர்டு வரையும் கட்டற்ற மென்பொருள்களான கீகேட், லிப்ரே பிசிபி இரண்டில் எதற்கு வருவது?

பலரும் ரவுட்டிங் (போர்டில் கோடு இழுப்பது), முப்பரிமாணக் காட்சி என்று ஆரம்பிப்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது லைப்ரரி, அதாவது மென்பொருளோடு வரும் பாகங்களின் தொகுப்பு. பெங்களூரில் நாம் பாகம் வாங்குகிற விதம் அப்படி. மின்னணுப் பாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பிசி547 டிரான்சிஸ்டர் கேட்டால், "அது தீர்ந்துடுச்சு சார், இதைப் போடுங்க, அதே வேலைதான்" என்று 2என்3904-ஐ நீட்டுவார்கள். வேலை ஏறக்குறைய அதேதான். ஆனால் தட்டையான பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். மற்றதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். உதாரணமாக, சம்ப் மோட்டாருக்கான ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) ஓட்டும் இடத்தில் இது மாறினால் ரிலே ஒழுங்காக இழுக்காது.

கீகேடில் சிம்பல் (வரைபடத்தில் பாகத்தின் குறி) தனி, ஃபுட்பிரிண்ட் (போர்டில் அதன் கால்கள் உட்காரும் அமைப்பு) தனி. இரண்டையும் இணைப்பது கால் எண் மட்டும்தான். பிசி547 என்றே தேடி எடுத்தால் ஃபுட்பிரிண்ட்டும் கூடவே வந்துவிடும். பொதுவான என்பிஎன் (இந்த இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்த வகை) சிம்பலைப் போட்டுவிட்டு, கடையில் கிடைத்ததற்கு ஏற்ப மாற்றுவோம் என்று போனால் கால் வரிசைக்கு நாமே பொறுப்பு, மென்பொருள் ஒன்றும் சொல்லாது.

லிப்ரே பிசிபி இங்கேதான் எனக்குப் பிடித்துப்போனது. அதில் 'டிவைஸ்' என்று ஒரு அடுக்கு இருக்கிறது, எந்தச் சிக்னல் எந்தப் பேடுக்கு (போர்டில் கால் பற்றவைக்கும் இடத்துக்கு) போகிறது என்பது அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டிரான்சிஸ்டர் மாறினால் போர்டில் டிவைஸை மாற்றினால் போதும், இணைப்புகள் தாமாகவே சரியான பேடுகளுக்குப் போய்விடும். ஸ்கீமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) செய்த மாற்றமும் உடனே போர்டில் தெரியும். கீகேடில் எஃப்8 அழுத்திக் கொண்டுவர வேண்டும். ஒரே ஸ்கீமேட்டிக்குக்கு இரண்டு போர்டுகள் வைத்துக்கொள்ளலாம் என்பதும் பெரிய வசதி: வீட்டில் ஃபெரிக் குளோரைடில் செம்பை அரிப்பதற்குத் தடித்த கோடுகளோடு ஒன்று, கெர்பர் (போர்டு தயாரிப்பவருக்கான கோப்பு) அனுப்பிச் செய்துகொள்ள இன்னொன்று.

ஆனால் அதன் லைப்ரரி சின்னது. இல்லாத பாகத்துக்கு சிம்பல், காம்போனென்ட், பேக்கேஜ், டிவைஸ் என்று நான்கையும் நாமே செய்ய வேண்டும், புதிதாக வருகிறவருக்கு இது அலுப்பான வேலைதான். 1.0 பதிப்பு வந்ததே 2023-இல்தான். கீகேடோ 1992-இல் ழான்-பியர் ஷராஸ் தொடங்கியது, பிறகு ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் ஆட்கள் கைவைத்து மெருகேற்றியது. கடைக்குக் கடை கிடைக்கும் அந்த நீல ரிலேயின் ஃபுட்பிரிண்ட் சான்யூ எஸ்ஆர்டி என்ற பெயரில் தயாராக இருக்கிறது. கோடு போகப் போக மற்ற கோடுகளைத் தள்ளி வழிவிடும் ரவுட்டர், சர்க்யூட்டை ஓட்டிப் பார்க்க உள்ளேயே என்ஜிஸ்பைஸ், அப்புறம் நான் மிகவும் மதிக்கும் ஒன்று: 230 வோல்ட் கோடுகளுக்கும் 5 வோல்ட் கோடுகளுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதியாக எழுதி வைக்கலாம். நான் 6 மி.மீ. வைப்பேன். மீறினால் டிஆர்சி என்ற விதிச் சோதனை பிடித்துவிடும்.

ஃப்ரிட்சிங் என்ற இன்னொரு மென்பொருள் பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) படம் வரைய நன்று, போர்டு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

மெயின்ஸ் மின்சாரம் ஏறும் போர்டு என்றால் யோசிக்காமல் கீகேட். பேட்டரியில் ஓடும் முதல் போர்டு, பத்துப் பதினைந்து பாகம், எல்லாம் கையில் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் லிப்ரே பிசிபியில் தொடங்குங்கள். எதில் செய்தாலும் கெர்பர் அனுப்பும் முன் போர்டை உண்மையான அளவிலேயே தாளில் அச்சடித்து, வாங்கிய ரிலேயை அதன்மேல் குத்திப் பாருங்கள்.