யூவி லைட்டு வாங்கி நாலு மாசம், எங்க ஈர வீட்டுல நடந்தது

இலங்கை மலையகத்துல டிக்கோயா பக்கம் தேயிலை தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல இருக்கோம். லயத்துக்கு பின்னாடியே மண்திட்டு, மே மாசம் மழை புடிச்சா செப்டம்பர் வரைக்கும் பின் செவுரு காயவே காயாது, அலுமாரிக்கு பின்னாடி கறுப்பு கறுப்பா பூஞ்சணம், கம்பளிய விரிச்சா ஒரு வாடை. சின்னவளுக்கு அஞ்சு வயசு, ராத்திரியானா இழுப்பு. அதனால தான் காத்துல உள்ள கிருமி, தூசி, பொகை, பூஞ்சணம் எல்லாத்தையும் அழிச்சிரும்னு ஒன்லைன்ல போட்டிருந்த யூவி-சி (கிருமிய கொல்ற புற ஊதாக் கதிர்) மேசை லைட்டு ஒண்ண 9,500 ரூவா குடுத்து எடுத்தேன். 38 வொட், ரிமோட்டும் டைமரும் இருக்கு.

மொத நாள் அரை மணித்தியாலம் போட்டுட்டு உள்ள போனா மின்னல் வெட்டுன பொறகு வர்ற மாதிரி ஒரு நெடி. கிருமி செத்த வாசம்னு தான் நெனச்சோம். இல்லைங்க, அது ஓசோன். இந்த டியூப்ல 254 நானோமீட்டர் கதிர் தான் கிருமியோட டிஎன்ஏவ ஒடச்சி பெருக விடாம பண்ணுது, ஆனா சில டியூப்ல 185 கதிரும் சேந்து வெளிய வரும், அது காத்துல உள்ள ஒட்சிசன ஓசோனா மாத்திரும். இழுப்பு உள்ளவங்களுக்கு ஓசோன் ஆகவே ஆகாது. அன்னைக்கு ராத்திரி புள்ள இருமுனத நெனச்சா இப்பவும் மனசு கேக்கல. பொட்டில ஒரு வரி கூட போடல. பேசி பேசி கடைசியில ஓசோன் வராத டியூப்ப மாத்தி வாங்குனேன், அதுல கண்ணாடியே 185ஐ தடுத்துரும்.

அடுத்தது கண்ணு. தங்கச்சி மாப்பிள்ளை வந்தப்ப, நான் கொழுந்து மடுவத்துக்கு போயிருந்த நேரம், எரியிற லைட்ட பக்கத்துல நின்னு கொஞ்ச நேரம் பாத்திருக்காரு. அப்ப ஒண்ணும் தெரியல. நடுச்சாமத்துல கண்ணுல மண்ணள்ளி போட்ட மாதிரி எரிச்சல், தண்ணியா கொட்டுது, வெளிச்சத்த பாக்க முடியல. ரெண்டு நாள்ல சரியாச்சி, ஆனாலும் அந்த ராத்திரி நாங்க பயந்த பயம்! ஆளோ கோழியோ நாயோ ரூம்ல இருக்கிறப்ப இத போடவே கூடாது. சாதாரண யன்னல் கண்ணாடி இந்த கதிர விடாது, அதனால இஸ்தோப்புல நின்னு கண்ணாடி வழியா பாக்கலாம்.

வேலை செய்யுதான்னு கேட்டா, வெளிச்சம் நேரா படுற எடத்துல செய்யும். 1930கள் கடைசியில அமெரிக்காவுல வில்லியம் வெல்ஸ்னு ஒருத்தர் பிலடெல்பியா பள்ளிக்கூடத்து கிளாஸ் ரூம்ல ஆளுங்க கண்ணுல படாம மேல் பக்கமா யூவி லைட்டு பூட்டி, சின்னமுத்து (தட்டம்மை) பரவுறது கொறஞ்சத காட்டுனாரு. அது மேல எரிஞ்சிகிட்டே இருக்கும், கீழ புள்ளைங்க படிக்கலாம். நாங்க வாங்குற மேசை லைட்டு அப்பிடி இல்ல, அணைச்சிட்டு நாம உள்ள போய் இருமுனா திரும்பவும் கிருமி தான். குசினி வெறகு பொகைக்கும் தூசிக்கும் இதால ஒண்ணுமே ஆகாது. அலுமாரிக்கு பின்னாடி நெழல்ல இருக்க பூஞ்சணத்துக்கு வெளிச்சமே போகாது, போனாலும் செத்த பூஞ்சணம் செவுத்துலயே ஒட்டிகிட்டு தான் இருக்கும், அதுவும் இழுப்ப கெளப்பும்.

எங்க வீட்டுல மாத்தம் தெரிஞ்சது பின்னாடி கான வெட்டி மழைத்தண்ணிய திருப்பி விட்டதுக்கு அப்பறம் தான். அலுமாரிய செவுத்துலருந்து ஒரு சாண் தள்ளி வச்சி, செவுத்த தேச்சி கழுவி, வெயில் அடிக்கிற அன்னைக்கெல்லாம் யன்னல தொறந்து கம்பளிய வெளிய போட்டோம். வாடை கொறஞ்சிருச்சி, புள்ள இப்ப பெரும்பாலும் முழுசா தூங்குறா. அவளோட இன்ஹேலர மட்டும் நிப்பாட்டல, டொக்டர் சொல்ற வரைக்கும் நிப்பாட்டவும் மாட்டோம்.

கட்டாயம் வாங்கணும்னா ஓசோன் வருதா இல்லையான்னு கடைக்காரர்கிட்ட கேட்டு, போட்டிருக்கத வாசிச்சி எடுங்க. டியூப் தண்ணி மாதிரி தெளிவா இருக்கணும், வெள்ளையாவோ கருநீலமாவோ இருந்தா யூவி-சி இல்ல, கடைகள்ல பூச்சி புடிக்க தொங்க விடுற நீல லைட்டும் இது இல்ல. டியூப்ப வெறுங்கையால தொடாதீங்க. உள்ள பாதரசம் இருக்கு, ஒடஞ்சா யன்னல தொறந்துட்டு புள்ளைங்கள வெளிய அனுப்பிருங்க. எங்களோடது இப்ப வீட்டுல யாருக்காவது தடிமன்னா மட்டும், எல்லாரும் வெளிய போன பொறகு அரை மணித்தியாலம் எரியும், மத்தபடி ரிமோட்டு அலுமாரி மேல, புள்ளைக்கு எட்டாத எடத்துல.

அஞ்சுக்கு ரெண்டு குடுப்பேன், அந்த ரெண்டும் மாத்தி வாங்குன டியூப்புக்கு.